கலந்து வரும் ஒலியும் பிரித்துக் கேட்கும் செவியும்: ஒரே வேளையில் எழும் ஒலிகளை மனிதர் வேறுபடுத்தி உணரும் முறை

ஆய்வுச்சுருக்கம்

ஒரே நேரத்தில் பல இடங்களிலிருந்து எழும் ஒலிகள் செவிப்பறையை அடையும்போது ஒற்றை அதிர்வாகக் கலந்துவிடுகின்றன. ஆயினும் மனிதர் அவற்றைத் தனித்தனிக் குரல்களாகவும் கருவிகளாகவும் கேட்கின்றனர். இப்பிரிப்பு நிகழும் முறையைக் காலின் செரி, ஆல்பர்ட் பிரெக்மன் முதலியோரின் சோதனைகள் வழியே இக்கட்டுரை விளக்குகிறது. ஒலியைப் பெறுதலும் ஒலியைப் பிரித்தறிதலும் இருவேறு திறன்கள் என்பதும், பின்னது குறைபடும்போது அக்குறை கவனமின்மையாகப் பிழைபட எண்ணப்படுகிறது என்பதும் இக்கட்டுரை முன்வைக்கும் கருத்துகள். தமிழ் ஒலியன் வேறுபாடுகளை இரைச்சலில் ஆராய வேண்டிய தேவையும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: செவிப்புலன், ஒலிச்சூழல் பகுப்பாய்வு, ஒலித்தாரை, சீரிசை, மறைப்பு, இரைச்சலில் பேச்சுணர்வு.

முன்னுரை

திருமண மண்டபத்தில் நாகசுரமும் தவிலும் ஒலிக்கின்றன. ஒத்தோ சுருதிப்பெட்டியோ இடைவிடாமல் சுருதி கூட்டுகிறது. பந்திக்கு அழைக்கும் குரலும், குழந்தையின் அழுகையும், மின்விசிறியின் இரைச்சலும் அதனோடு சேர்கின்றன. இவற்றுக்கிடையே பக்கத்து இருக்கையில் இருப்பவர் நலம் விசாரிக்கிறார். கேட்டவரும் தடையின்றி விடை சொல்கிறார். இவ்வுரையாடலை எவரும் அருஞ்செயலாகக் கருதுவதில்லை. சிறிது நேரத்தில் தாலி கட்டும் வேளை வருகிறது, கெட்டிமேளம் முழங்குகிறது. தும்மல், அழுகை முதலிய வேண்டாத ஓசைகள் எவர் காதிலும் விழாதிருக்கவே அது முழக்கப்படுகிறது என்பது வழக்கில் உள்ள விளக்கம். ஒலிகளைப் பிரித்தறியும் திறனுக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும், அந்த எல்லையை வேண்டுமென்றே மீறச் செய்யலாம் என்பதையும் இவ்வழக்கம் உணர்ந்தே இருக்கிறது. ஓர் ஒலி மற்றோர் ஒலியைக் கேளாமற் செய்வதை ஒலியியலார் மறைப்பு என்பர்.

தமிழ் இலக்கண மரபு ஒலியின் பிறப்பை நுணுகி ஆராய்ந்துள்ளது. தொல்காப்பியத்தின் பிறப்பியல், எழுத்துகள் பிறக்கும் இடத்தையும் உறுப்புகளின் முயற்சியையும் வகுத்துரைக்கிறது. அவ்வாறு பிறந்த ஒலி, பிற ஒலிகளோடு கலந்து கேட்பவரின் செவியை அடைந்த பின்னர் என்னவாகிறது என்பது இலக்கணத்தின் எல்லைக்கு அப்பாற்பட்ட வினா. சென்ற எழுபது ஆண்டுகளாக உளவியலும் நரம்பியலும் இவ்வினாவைத் தொடர்ந்து ஆராய்ந்து வருகின்றன.

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. முதியோர் பலர் கூட்டத்தில் சொல்லும் குறை ஒன்றுண்டு: சத்தம் கேட்கிறது, என்ன சொல்கிறார்கள் என்பதுதான் விளங்கவில்லை. வகுப்பறையின் கடைசி வரிசையில் இருக்கும் மாணவரும் இதே நிலையில் இருக்கலாம். முதியவருக்கு உரக்கச் சொன்னால் போதும் என்று வீட்டார் எண்ணுகின்றனர். மாணவருக்குக் கவனம் போதவில்லை என்று ஆசிரியர் எண்ணுகிறார். இவ்விரு எண்ணங்களும் பெரும்பாலும் பிழையானவை என்பதைப் பின்வரும் பகுதிகள் காட்டும்.

செவிப்பறையை அடைவது ஒன்றே

கண்ணுக்கு முன் இரு பொருள்கள் இருப்பின் அவற்றின் உருவங்கள் விழித்திரையில் பெரும்பாலும் வெவ்வேறு இடங்களில் விழுகின்றன. செவிக்கு இந்த வசதி இல்லை. காற்றில் வரும் அழுத்த மாறுபாடுகள் ஒன்றோடொன்று கூடி, அக்கூட்டுத்தொகை மட்டுமே செவிப்பறையை அசைக்கிறது. எந்த அசைவு எந்த மூலத்திலிருந்து வந்தது என்ற குறிப்பு எதுவும் அதில் இல்லை.

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக உளவியலாளர் ஆல்பர்ட் பிரெக்மன் 1990இல் வெளியிட்ட நூலில் இதனை ஓர் உவமையால் விளக்கினார். ஏரிக்கரையில் இரு குறுகிய கால்வாய்கள் வெட்டப்படுகின்றன. ஒவ்வொன்றின் குறுக்கேயும் ஒரு கைக்குட்டை கட்டப்படுகிறது. ஏரியைப் பார்க்காமல், நீரலையால் அசையும் அவ்விரு துணிகளை மட்டும் பார்த்து, ஏரியில் எத்தனை படகுகள் உள்ளன, அவை எங்கே செல்கின்றன, காற்று வீசுகிறதா என்றெல்லாம் சொல்லவேண்டும். இயலாத செயல் என்றே தோன்றும். எனினும் இரு செவிப்பறைகளின் அசைவைக் கொண்டு மனிதர் ஒவ்வொரு நொடியும் செய்வது இதுவே.

கணித நோக்கில் இது தனி விடையற்ற சிக்கல். ஒரு கூட்டுத்தொகை மட்டும் தரப்பட்டால் அதனை உருவாக்கிய எண்கள் எவை என்று உறுதியாகச் சொல்ல இயலாது. ஆகவே செவிப்புலன் விடையைக் கணக்கிடுவதில்லை, ஊகிக்கிறது. உலகில் ஒலி பிறக்கும் முறையில் சில ஒழுங்குகள் உள்ளன; அவ்வூகம் அவற்றைச் சான்றாகக் கொள்கிறது.

காக்ளியாவின் பகுப்பும் அதன் எல்லையும்

சிக்கலான ஒலியைச் செவி எளிய அதிர்வுகளாகப் பகுக்கிறது என்ற கருத்தை 1843இல் கியார்க் ஓம் முன்வைத்தார். ஹெர்மன் வான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863இல் வெளிவந்த தம் நூலில் அதனை விரிவாக வளர்த்தார். உட்செவியின் காக்ளியா நத்தை ஓடுபோல் சுருண்டது. அதனுள் உள்ள அடித்தளச் சவ்வை நீட்டினால் ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் இருக்கும். அதன் தொடக்கப் பகுதி குறுகி விறைப்பாக இருப்பதால் உயர் அதிர்வெண்களுக்கும், முனைப்பகுதி அகன்று நெகிழ்ந்திருப்பதால் தாழ் அதிர்வெண்களுக்கும் மிகுதியாக அசைகிறது. இதனை இறந்தவர்களின் செவிகளில் நேரடியாக நோக்கி ஆராய்ந்த கியார்க் வான் பெகேசி 1961இல் நோபல் பரிசு பெற்றார். சவ்வின் மேல் ஒரு செவிக்கு ஏறத்தாழ 3,500 உள்வரிசை மயிர்ச்செல்களும் 12,000 வெளிவரிசை மயிர்ச்செல்களும் உள்ளன. முன்னவை செய்தியை நரம்புக்கு அளிக்கின்றன. பின்னவை சவ்வின் அசைவைக் கூட்டி, பகுப்பைக் கூர்மையாக்குகின்றன.

இப்பகுப்பு ஒலிகளைப் பிரித்தலாகாது. இவ்வேறுபாடு பாடநூல்களில் அடிக்கடி மயங்கிவிடுகிறது. ஓர் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். அடிப்படை அதிர்வெண் 100 ஹெர்ட்ஸ் கொண்ட ஆண்குரலும் 220 ஹெர்ட்ஸ் கொண்ட பெண்குரலும் ஒருங்கே உயிரெழுத்தொன்றை ஒலிப்பதாகக் கொள்வோம். முதற்குரலில் 100, 200, 300, 400 எனவும், இரண்டாவதில் 220, 440, 660 எனவும் அடிப்படையின் முழு மடங்குகளாகிய சீரிசைகள் அமையும். காக்ளியாவுக்குக் கிடைப்பது 100, 200, 220, 300, 400, 440, 500 என்னும் ஒரே வரிசை. எந்த எண் எவருடையது என்பதை அது அறியாது. மேலும் 200 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் செவியின் வடிப்பானுக்கு ஏறத்தாழ 45 ஹெர்ட்ஸ் அகலம் உண்டு. ஆதலின் 200உம் 220உம் தனித்தனியாகப் பிரியாமல் ஒரே வடிப்பானில் விழுந்து, நொடிக்கு 20 முறை ஏறி இறங்கும் அதிர்வாக உணரப்படும். அதிர்வெண் கூடக்கூட வடிப்பானும் அகலும். 2,000 ஹெர்ட்ஸை ஒட்டி அது 240 ஹெர்ட்ஸ் அளவை எட்டும். அங்கே 100 ஹெர்ட்ஸ் குரலின் அடுத்தடுத்த சீரிசைகளே ஒன்றோடொன்று கலந்துவிடும்.

ஆகவே காக்ளியா கூறுகளை விரித்து வைக்கிறது. அவற்றுள் எவை ஒரே மூலத்தைச் சேர்ந்தவை என்று தொகுக்கும் பணி அதற்குப் பின்னரே நிகழ்கிறது. பிரித்தல் என்று வழங்கப்படுவது உண்மையில் சரியாகச் சேர்த்தலே.

செரியின் சோதனைகள்

1950ஐ ஒட்டிய காலத்தில் விமானநிலையக் கட்டுப்பாட்டாளர்கள் பல விமானிகளின் குரல்களை ஒரே ஒலிபெருக்கியில் கேட்கவேண்டியிருந்தது. இத்தகைய நடைமுறைத் தேவைகள் கேட்டல் குறித்த ஆய்வைத் தூண்டின. லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த காலின் செரி 1953இல் வெளியிட்ட கட்டுரையில் ‘விருந்துக் கூட்டச் சிக்கல்’ என்ற பெயரை வழங்கினார். பலர் பேசும் விருந்தில் ஒருவர் பேச்சை மட்டும் பின்தொடர்வது எவ்வாறு என்பதே அவர் வினா.

செரியின் முதற்சோதனையில் ஒரே பேச்சாளர் படித்த இரு பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவு செய்யப்பட்டன. குரல் ஒன்று, திசை ஒன்று. கேட்பவர் ஒலிநாடாவை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பக் கேட்கலாம். மிகுந்த முயற்சிக்குப் பின் தொடர்தொடராகப் பிரித்தெடுக்க அவர்களால் இயன்றது. அவர்களுக்கு உதவியது மொழியறிவு: ஒரு சொல்லுக்குப்பின் எது வரக்கூடும் என்ற எதிர்பார்ப்பு. அந்த எதிர்பார்ப்புக்கு இடங்கொடாத வகையில் தேய்வழக்குத் தொடர்களைக் கோத்துச் செய்த பகுதிகளைத் தந்தபோது, ஒவ்வொரு தொடரும் முழுமையாகக் கிடைத்தது. எந்தத் தொடர் எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்பது மட்டும் கிடைக்கவில்லை.

இரண்டாம் சோதனையில் ஒரு பகுதி வலச்செவிக்கும் மற்றொன்று இடச்செவிக்கும் தனித்தனியே அளிக்கப்பட்டன. ஒரு செவியில் கேட்பதை உடனுக்குடன் திரும்பச் சொல்லவேண்டும். இது மிக எளிதாக இயன்றது. ஆனால் கவனிக்காத செவியில் என்ன கேட்டது என்று பின்னர் வினவியபோது, ஆண்குரல் பெண்குரலாக மாறியதையும் பேச்சுக்குப் பதில் தனிச்சுரம் ஒலித்ததையும் மட்டுமே சொல்ல இயன்றது. ஆங்கிலம் இடையில் ஜெர்மன் மொழியாக மாறியதைக்கூடப் பங்கேற்றோர் உணரவில்லை.

இம்முடிவிலிருந்து டொனால்ட் பிராட்பென்ட் 1958இல் வடிகட்டிக் கோட்பாட்டை உருவாக்கினார்: பொருளறியப்படுவதற்கு முன்பே ஒரு வாயில் தவிர மற்றவை அடைக்கப்படுகின்றன. அடுத்த ஆண்டே நெவில் மோரே, கவனிக்காத செவியில் தம் பெயர் சொல்லப்பட்டால் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் அதனை உணர்வதைக் காட்டினார். ஆன் டிரீஸ்மன் 1960இல் மேலும் ஒன்றைக் கண்டார். பின்தொடரப்படும் பேச்சு இடையில் மற்றொரு செவிக்கு மாறினால், கேட்பவர் ஓரிரு சொற்களுக்குப் பொருளைப் பின்தொடர்ந்து அந்தச் செவிக்குத் தாவினர். ஆகவே வாயில் முற்றிலும் அடைபடுவதில்லை. ஒடுக்கப்படுகிறது என்றார் டிரீஸ்மன். இவ்விவாதம் செறிவானதே. எனினும் இது கவனம் எதைத் தேர்கிறது என்பதைப் பற்றியது. தேர்வதற்குரிய குரல்கள் முதலில் குரல்களாக உருவானது எப்படி என்ற வினா அப்படியே நின்றது. அதனை எடுத்துக்கொண்டவர் பிரெக்மன்.

சீரிசையும் சுருதியும்

பிரெக்மன் தம் துறைக்குச் சூட்டிய பெயர் காட்சிப் பகுப்பாய்வு என்னும் கணினிப் பார்வைத்துறைச் சொல்லைத் தழுவியது. தமிழில் காட்சி என்பது கண்ணோடு இறுகப் பிணைந்திருப்பதால் இக்கட்டுரை ஒலிச்சூழல் பகுப்பாய்வு என்ற தொடரைக் கையாள்கிறது.

தொகுப்புக்கான சான்றுகளுள் வலியது சீரிசை ஒழுங்கு. குரல்வளையும் நரம்பும் குழலும் ஒழுங்காக அதிரும்போது அவற்றின் கூறுகள் ஒரே அடிப்படையின் முழு மடங்குகளாகவே அமைகின்றன. தொடர்பற்ற இரு மூலங்களின் கூறுகள் தற்செயலாக அவ்வாறு அமைதல் அரிது. ஆகவே ஒரே மடங்கு வரிசையில் அடங்குவனவற்றைச் செவி ஒன்றாகக் கட்டுகிறது. பிரையன் மூர் குழுவினர் 1986இல் இதனை அளந்தனர். ஒரு கூட்டொலியின் சீரிசை ஒன்றை மட்டும் அதன் இடத்திலிருந்து 1 முதல் 3 விழுக்காடு நகர்த்தினால், அது கூட்டொலியிலிருந்து கழன்று தனிச்சுரமாக ஒலிக்கிறது. அக்குழுவினரின் மற்றொரு முடிவு இன்னும் நுட்பமானது. கழன்று தனியே கேட்கும் அக்கூறு, மேலும் சிறிது நகரும்வரை கூட்டொலியின் சுருதி உயரத்தை நிறுவுவதிலும் பங்கேற்கிறது. ஒரு கூறு ஒரே மூலத்துக்கு உரியது என்ற விதியைச் செவி கண்டிப்பாகப் பின்பற்றுவதில்லை.

கருநாடக இசையில் சுருதி சேர்தல் என்று வழங்கும் நிலையை இவ்வெளிச்சத்தில் நோக்கலாம். தம்புராவின் சட்சம, பஞ்சம நரம்புகள் சீரிசைகள் நிறைந்த ஒலியைத் தருகின்றன. பாடகர் சட்சமத்தில் சரியாக நிற்கும்போது குரலின் சீரிசைகள் தம்புராவின் சீரிசைகள்மேலேயே விழுகின்றன. குரலையும் தம்புராவையும் பிரிப்பதற்குரிய வலிய சான்று அந்நிலையில் இல்லாமற் போகிறது. குரல் சுருதியில் கரைந்தது என்று கேட்போர் சொல்வது அதனால்தான். சிறிது விலகினாலும் கூறுகள் ஒன்றோடொன்று மோதி அதிர்கின்றன; குரல் தம்புராவிலிருந்து கழன்று தனியே நிற்கிறது. சுருதி பிசகுவதைப் பயிற்சியற்ற காதும் கண்டுகொள்வதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

கமகத்திலும் இத்தகைய வினா உண்டு. குரல் அசையும்போது அதன் சீரிசைகள் யாவும் ஒருசேர அசைகின்றன. இசைக்கலைஞரும் ஆய்வாளருமான ஜான் சௌனிங் கணினியில் செய்துகாட்டிய எடுத்துக்காட்டு புகழ்பெற்றது. அசைவற்ற எளிய சுரங்களின் தொகுதி மணியோசை போலக் கேட்கிறது. அதன் கூறுகளை மூன்று குழுக்களாக்கி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அசைவைச் சேர்த்தவுடன் மூன்று பாடுகுரல்கள் எழுகின்றன. ஒருசேர அசைவதே கூறுகளைக் கட்டுகிறது என்று இதற்கு விளக்கம் தரப்படுவதுண்டு. ஆனால் ராபர்ட் கார்லியன் 1991இல் வெளியிட்ட ஆய்வு இவ்விளக்கத்தை ஐயுறச் செய்தது. அசைவுகள் ஒவ்வாதிருப்பதைச் செவி நேரடியாக உணர்வதில்லை என்றும், அவ்வொவ்வாமையால் சீரிசை ஒழுங்கு குலையும்போது அக்குலைவையே உணர்கிறது என்றும் அவர் காட்டினார்.

தொடக்கமும் தொடர்ச்சியும்

ஒரே மூலத்தின் கூறுகள் பெரும்பாலும் ஒரே கணத்தில் தொடங்குகின்றன. இரு மூலங்கள் மிகச்சரியாக ஒரே கணத்தில் தொடங்குதல் அரிது. உயிரொலி ஒன்றின் ஒரு சீரிசை மற்றவற்றைவிட ஏறத்தாழ 30 முதல் 40 மில்லி விநாடி முன்னதாகத் தொடங்கினாலே, செவி அதனை அவ்வுயிரொலியிலிருந்து ஒதுக்கத் தொடங்குகிறது. கருவியிசைக் குழுவினர் ஒன்றாக வாசிப்பதாகத் தோன்றும்போதும் அவர்களிடையே இத்தகைய சிறு கால வேறுபாடுகள் இருப்பது அளந்தறியப்பட்டுள்ளது. கேட்போருக்கு அவை பிசகாகத் தோன்றுவதில்லை. கருவிகளைத் தனித்தனியே கேட்க அவை துணைசெய்கின்றன.

இதுவரை கூறப்பட்டவை ஒரு கணத்தில் ஒலிப்பனவற்றைப் பற்றியவை. அடுத்தடுத்து வரும் ஒலிகளை ஒரே மூலத்தின் தொடர்ச்சியாகக் கோத்தல் வேறொரு பணி. அவ்வாறு கோக்கப்பட்ட தொடரைக் குறிக்க ஒலித்தாரை என்ற சொல்லை இங்கே பயன்படுத்தலாம். தாரை ஓர் ஊதுகருவியின் பெயருமாதலால் சிறு மயக்கம் நேரலாம். ஓடை, ஓட்டம் என்பவற்றைவிட இச்சொல் பொருந்துவதாகவே தோன்றுகிறது.

பிரெக்மனும் ஜெஃப்ரி கேம்பலும் 1971இல் செய்த சோதனை இத்துறையின் அடிக்கல். மூன்று உயர்ந்த சுரங்களும் மூன்று தாழ்ந்த சுரங்களும் மாறி மாறி, நொடிக்குப் பத்து என்ற விரைவில் திரும்பத்திரும்ப ஒலிக்கப்பட்டன. கேட்டவர்களுக்கு அது ஒற்றை வரிசையாகத் தோன்றவில்லை. மேலே ஒரு தாரையும் கீழே ஒரு தாரையும் தனித்தனியே ஓடின. உயர்ந்தவற்றின் வரிசைமுறையை அவர்களால் சொல்ல இயன்றது. தாழ்ந்தவற்றின் வரிசையையும் சொல்ல இயன்றது. உயர்ந்த சுரம் ஒன்றுக்குப்பின் எந்தத் தாழ்ந்த சுரம் வந்தது என்று மட்டும் சொல்ல இயலவில்லை. நூறு மில்லி விநாடி இடைவெளியில் அடுத்தடுத்து வந்த இரு ஒலிகளின் முன்பின் முறை தாரைகள் பிரிந்தவுடன் தொலைந்துபோயிற்று. காலம் என்பது ஒவ்வொரு தாரைக்குள்ளும் உணரப்படுவது என்ற இம்முடிவு வியப்புக்குரியது.

சுர உயரத்தில் உள்ள அண்மை எவ்வளவு வலிய சான்று என்பதற்கு இசையுலகில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1893இல் அரங்கேறிய சைகோவ்ஸ்கியின் ஆறாம் சிம்பொனியின் இறுதிப் பகுதித் தொடக்கத்தில் கேட்போர் தெளிவான ஓர் இறங்குமுக மெட்டைக் கேட்கின்றனர். அம்மெட்டை அரங்கில் எவரும் வாசிப்பதில்லை. அதன் சுரங்களை முதல் வயலின் குழுவும் இரண்டாம் வயலின் குழுவும் ஒன்றுவிட்டு ஒன்றாக ஏற்கின்றன. ஒவ்வொரு குழுவின் பகுதியும் தனியே கேட்டால் தாவித்தாவிச் செல்லும். அன்றைய அரங்குகளில் இவ்விரு குழுக்களும் மேடையின் இருபுறமும் அமர்வது வழக்கம். திசை இரண்டாக இருந்தும் உயர அண்மையே மெட்டைக் கட்டியது. டயானா டாய்ச் 1970களில் செவியணிகள் மூலம் செய்த சோதனைகளும் இதையே காட்டின: தாவும் சுரங்கள் இரு செவிகளுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டபோது பலர் மேல்சுரங்கள் அனைத்தையும் ஒரு செவியிலும் கீழ்ச்சுரங்கள் அனைத்தையும் மறுசெவியிலும் கேட்டனர். அவர்கள் கேட்ட இடங்கள் பாதிக்குப் பாதி பொய்.

தொடர்ச்சி பற்றிய ஊகம் இல்லாத ஒலியையும் படைக்கும். ரிச்சர்ட் வாரன் 1970இல் ஓர் ஆங்கிலத் தொடரின் நடுவே ஓர் ஒலியனை வெட்டி நீக்கி, அவ்விடத்தில் இருமல் ஒலியைப் பொருத்தினார். கேட்டவர்கள் சொல் முழுமையாக இருப்பதாகவே கூறினர். இருமல் எங்கே வந்தது என்பதையும் அவர்களால் துல்லியமாகச் சொல்ல இயலவில்லை. அதே இடத்தில் வெறும் அமைதியை விட்டால் வெட்டு உடனே தெரிந்தது. மறைக்கக்கூடிய ஓர் ஒலி இருந்தால் அதன் பின்னே பேச்சு தொடர்ந்திருக்கும் என்று செவி கொள்கிறது. இரைச்சலில் உரையாட முடிவதற்கு இந்நிரப்புதல் பெருந்துணை.

இரு செவிகளின் பயன்

பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி ஒரு செவியை மற்றதைவிடச் சிறிது முன்னதாக அடைகிறது. தலையின் அளவு காரணமாக இவ்வேறுபாடு ஏறத்தாழ 0.7 மில்லி விநாடிக்கு மேற்படுவதில்லை. ஆயினும் சாதகமான சூழலில் 10 மைக்ரோ விநாடி அளவுள்ள வேறுபாட்டையும் செவிப்புலன் உணர்கிறது. உயர் அதிர்வெண்களில் தலையே நிழல் விழச்செய்து, மறுபக்கச் செவியில் ஒலியின் வலிமையைக் குறைக்கிறது. தாழ் அதிர்வெண்ணுக்குக் காலமும் உயர் அதிர்வெண்ணுக்கு வலிமையும் சான்றாகின்றன என்ற இக்கோட்பாட்டை ரேலி பிரபு 1907இல் வகுத்தார்.

இதன் ஆற்றலை உணர்த்தும் எளிய சோதனை ஒன்றுண்டு. ஒரு செவியில் இரைச்சலும், அவ்விரைச்சலால் மறைக்கப்பட்ட மெல்லிய சுரமும் அளிக்கப்படுகின்றன, சுரம் கேட்பதில்லை. இப்போது மற்றொரு செவியிலும் அதே இரைச்சலைச் சேர்த்தால் சுரம் தெளிவாக எழுகிறது. இரைச்சலைக் கூட்டியதால் கேட்டல் மேம்படுகிறது! இரு செவிகளுக்கும் பொதுவான இரைச்சலை ஒப்பிட்டுக் கழிக்க நரம்பு மண்டலத்துக்கு வழி கிடைத்ததே காரணம். இத்தகைய விளைவுகள் 1948இலேயே ஐரா ஹிர்ஷ், லிக்லைடர் ஆகியோரால் அறிவிக்கப்பட்டன. ஒரு செவியின் கேட்புத்திறனை இழந்தவர்கள் அமைதியான அறையில் இயல்பாக உரையாடிவிட்டுக் கூட்டத்தில் திணறுவதன் காரணமும் இதுவே.

கவனத்தின் இடம்

தொகுப்பு கவனத்துக்கு முன்னரே நிகழ்கிறதா, கவனத்தின் துணையால் நிகழ்கிறதா? இருபுறமும் சான்றுகள் உள்ளன. பிறந்து சில நாள்களே ஆன குழந்தைகளின் மூளை அலைகளை அளந்த இஷ்ட்வான் விங்க்லர் குழுவினர், அவர்களிடமும் தாரைப் பிரிப்பு நிகழ்வதை 2003இல் கண்டறிந்தனர். பல்லாயிரம் பறவைகள் ஒருங்கே கூவும் குடியிருப்பில் அரச பெங்குவின் குஞ்சு தன் பெற்றோரின் குரலை அடையாளம் காண்பதும் ஆராயப்பட்டுள்ளது. மறுபுறம், கார்லியன் குழுவினர் 2001இல் ஒரு செவியில் சுரவரிசையும் மறுசெவியில் இரைச்சல் துணுக்குகளும் அளித்து, முதல் 10 நொடிகள் இரைச்சலையே கவனிக்கச் செய்தனர். பின்னர் சுரவரிசைக்குத் திரும்பியவர்களுக்கு அது அப்போதுதான் தொடங்கியதுபோல், பிரியாத ஒரே வரிசையாகக் கேட்டது. தாரைப் பிரிப்பு நாளடைவில் வலுப்பெறக் கவனம் தேவை என்பதை இது உணர்த்துகிறது.

தேர்வு முடிந்த பின் மூளையில் எஞ்சுவது என்ன என்பதை நீமா மெஸ்காரனியும் எட்வர்ட் சாங்கும் 2012இல் வெளிப்படுத்தினர். வலிப்பு நோய்ச் சிகிச்சைக்காக மூளைப்பரப்பில் மின்முனைகள் பொருத்தப்பட்டிருந்த நோயாளிகளுக்கு இருவர் பேசும் கலப்பொலி அளிக்கப்பட்டது. பதிவான நரம்புச் சைகைகளிலிருந்து மீட்டுருவாக்கப்பட்ட ஒலிச்சித்திரம், கவனிக்கப்பட்டவர் தனியே பேசியதைப் போலவே இருந்தது.

கிடைக்கும் சான்றுகளை ஒருங்கே நோக்கின், கவனம் தான் விரும்பியதைச் செய்யும் தனியாற்றல் என்று கொள்வதற்கில்லை. சீரிசையும் தொடக்கமும் திசையும் தரும் மூலப்பொருள் இருந்தால்தான் அது எதையேனும் தேர முடியும்.

பிரிக்கும் திறன் குறையும்போது

முதுமையில் முதலில் குறைவது உயர் அதிர்வெண்களுக்கான கேட்புத்திறன். அதனோடு வெளிவரிசை மயிர்ச்செல்கள் நலிவதால் வடிப்பான்கள் அகல்கின்றன. முன்னர் 200 ஹெர்ட்ஸும் 220 ஹெர்ட்ஸும் ஒரே வடிப்பானில் கலந்ததுபோல், இப்போது இன்னும் தொலைவிலுள்ள கூறுகளும் கலக்கின்றன. செவித்துணைக் கருவி ஒலியைப் பெருக்கும். அகன்ற வடிப்பானைக் குறுக்காது. பெருக்கப்பட்ட பேச்சும் பெருக்கப்பட்ட இரைச்சலும் அதே அகன்ற வாயிலில் நுழைகின்றன. முதியவரிடம் உரக்கப் பேசுவதைவிடத் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு எதிரே அமர்ந்து பேசுவது பயன் தருவது இதனாலேயே. திசைசார் ஒலிவாங்கி கொண்ட கருவிகள் ஓரளவு உதவுகின்றன. அவையும் கேட்பவர் முகம் திருப்பிய திசையையே விரும்பிய திசையாகக் கொள்கின்றன.

பிறவியிலேயே கேளாத குழந்தைகளுக்குத் தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் வழியே காக்ளியர் உள்வைப்புக் கருவி பொருத்தப்படுகிறது. ஆயிரக்கணக்கான மயிர்ச்செல்களின் பணியை அக்கருவியில் 12 முதல் 22 வரையிலான மின்முனைகள் ஏற்கின்றன. அமைதியில் பேச்சை அறிய இது போதும். குரலின் அடிப்படை அதிர்வெண்ணை நுட்பமாகப் பிரித்தறிய இது போதாது; ஆதலின் சீரிசைச் சான்று ஏறத்தாழ இழக்கப்படுகிறது. அக்குழந்தை வீட்டில் நன்கு பேசிப் பழகி, இரைச்சல் மிக்க பள்ளியில் பின்தங்கினால் அதற்கான விளக்கத்தை இங்குத் தேடவேண்டும்.

அமைதியறையில் 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரையிலான தனிச்சுரங்களைக் கொண்டு செய்யும் வழக்கமான சோதனை, எவ்வளவு மெல்லிய ஒலி கேட்கிறது என்பதையே அளக்கிறது. ஷாரன் குஜாவாவும் சார்ல்ஸ் லிபர்மனும் 2009இல் எலிகளில் கண்டது இதன் போதாமையைக் காட்டியது. உரத்த இரைச்சலுக்குப் பின் எலிகளின் கேட்பு நுழைவாயில் சில நாள்களில் இயல்புக்குத் திரும்பியது. உள்வரிசை மயிர்ச்செல்களையும் நரம்பையும் இணைக்கும் இணைப்புகளோ, உயர் அதிர்வெண் பகுதியில் ஏறத்தாழ பாதி நிலையாக அழிந்திருந்தன. மனிதரில் இத்தகைய இழப்பு எந்த அளவுக்கு இரைச்சலில் கேட்கும் இடர்ப்பாட்டை உண்டாக்குகிறது என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

வகுப்பறையின் நிலையும் இதிலிருந்து வேறன்று. காறைச் சுவர்களில் பட்டுத் திரும்பும் எதிரொலி, சொற்களின் தொடக்கக் கணங்களை மங்கச் செய்கிறது. திசைச் சான்றையும் குலைக்கிறது. மின்விசிறியின் இரைச்சல் மெல்லிய மெய்யொலிகளை மறைக்கிறது. ஒலிபெருக்கி வைத்தால் எதிரொலியும் அதே அளவில் பெருகும். பாடம் இரண்டாம் மொழியில் நடந்தால் இடர் இரட்டிக்கிறது. செரியின் முதற்சோதனை காட்டியதுபோல், செவிச்சான்றுகள் தவறும் இடத்தை மொழியறிவே நிரப்புகிறது. அமைதியில் இரண்டாம் மொழியை நன்கறிந்தோரும், அதனைச் சிறுவயதில் கற்றிராவிடில், இரைச்சலில் அதிகம் தடுமாறுவதை லின் மேயோ குழுவினர் 1997இல் காட்டினர்.

இதனால் இரைச்சலில் பேச்சுணர்வை அளக்கும் சோதனை கேட்பவரின் தாய்மொழியிலேயே அமைதல் வேண்டும். தமிழுக்கு இங்கே தனிச்சிக்கல் ஒன்றுண்டு. ஜார்ஜ் மில்லரும் பாட்ரிசியா நைஸ்லியும் 1955இல் ஆங்கில மெய்களை இரைச்சலில் ஆராய்ந்து, ஒலிப்பிட வேறுபாடே முதலில் அழிகிறது என்றும், மூக்கொலித் தன்மை போன்றவை நெடிது நிலைக்கின்றன என்றும் நிறுவினர். தமிழில் ல, ள என்பனவும் ன, ண என்பனவும் ஒலிப்பிடத்தாலேயே வேறுபடுகின்றன. மனம், மணம் இரண்டையும் மூக்கொலிச் சொற்கள் என்று அறியும் காது, எது எது என்று அறியத் தவறலாம். பல்லி, பள்ளி என்பனவும் அவ்வாறே. குறில் நெடில் வேறுபாடு கால அளவால் அமைவதால் அது இரைச்சலை ஓரளவு தாங்கி நிற்கும் என்று எதிர்பார்க்கலாம்: கல், கால் என்பன எளிதில் மயங்கா. சோதனைக்கான சொற்பட்டியலைத் தொகுப்போர் இவ்விரு வகை இணைகளையும் தனித்தனியே மதிப்பெண்ணிட்டால், இரைச்சலில் தமிழ் கேட்பவர் எதனை இழக்கிறார் என்பது தெரியவரும். இப்பணி செவியியலாரோடு தமிழ் ஒலியனியல் ஆய்வாளரும் சேர்ந்து செய்யத்தக்கது.